பூனைக்காலியும் மூளையின் மதிலும்

சென்ற தை மாதம் செண்பகத்தோப்பிலிருந்து காட்டழகர் கோயிலுக்கு நடந்தோம். பாதையோரக் கொடி ஒன்றில் பொன்னிறச் சுணை மின்னும் காய்கள் கொத்தாகத் தொங்கின. கை நீட்டினேன். கூட வந்த பளியர் பெரியவர் தடுத்தார்.

"தொட்டுராதீங்க சாமி, பூனைக்காலி. ராத்திரி பூரா சொறிவீங்க."

இதன் கொட்டையைத் தின்பீர்களா என்றேன். "திம்போம். பல தடவை அவிச்சுத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் திங்கணும்" என்றார்.

எனக்கு அத்தான் நினைவு வந்தது. ஆறு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். உறவினர் ஒருவர் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுத்து, "இயற்கை மருந்து, தைரியமாச் சாப்பிடுங்க" என்று சொல்லியிருந்தார். சாப்பிடலாமா என்று அத்தான் என்னிடம் கேட்டார். விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூளைக்கு ஒரு மதில் உண்டு. 1885-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்தினார். உடம்பு முழுக்க நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே நின்றது. அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் ஏறியது, உடம்பு ஏறவில்லை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அந்த மதில் என்பது 1967-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது.

அதே 1913-இல் சுவிட்சர்லாந்தின் குக்கன்ஹைம் ஒரு வகை அவரையிலிருந்து டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தார். தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். 1937-இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதையே பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தார்கள். பொருள் கையில் இருந்தது. ஆனால் அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

1957-இல் சுவீடனின் கார்ல்சன், முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அது நம் நாட்டுச் சர்ப்பகந்தியில் உள்ள மருந்து. முயல்கள் அசையாமல் கிடந்தன. டோபா ஊசி போட்டதும் எழுந்து நடந்தன! டோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறியிருந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றியிருப்பதை 1960-இல் வியன்னாவின் ஹோர்னிகீவிச் காட்டினார். 1967-இல் நியூயார்க்கில் கோட்சியாஸ், டோபாவை வாய்வழியாகப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பலன் கண்டார்.

டோபமைனையே கொடுத்தால் என்ன? மதில் விடாது. டோபா அமினோ அமிலம் என்பதால், உணவின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களுக்கென்று மதிலில் உள்ள வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. வழியிலேயே டோபமைனாக மாறி வீணாகாமல் இருக்க, மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்க்கிறார்கள். அது மதிலைத் தாண்டாது. வெளியே காவல் நிற்கும்.

அல்சைமர் போன்ற நோய்களில் இந்த மதிலே கசிவதைப் பார்த்த ஆய்வாளர்கள், அந்தக் கசிவு நோயின் காரணமா, விளைவா என்று இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.

அத்தானின் மருத்துவரிடம் பொடியைப் பற்றிக் கேட்டோம். "மாத்திரையில் இருப்பதேதான் இதிலும். எவ்வளவு என்று தெரியாமல் மேலும் சேர்த்தால் அளவு மிஞ்சும்" என்றார். மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்றும் கேட்டார். காலையில் பாலோடு என்றார் அத்தான். பாலின் புரதமும் அதே வாசலில் முண்டியடிக்குமாம். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே வெறும் தண்ணீரில் போடுகிறார். சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்கிறார். அக்காவுக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

பொடி டப்பா திறக்காமலே பரணில் இருக்கிறது.