பேராதனையும் கொட்டியாரமும்

இலங்கையின் மிக நீண்ட நதியாகிய மகாவலி கங்கை மத்திய மலைநாட்டிலே பிறந்து, பேராதனையிலே பல்கலைக்கழக நிலத்தை ஊடறுத்துப் பாய்ந்து, கண்டி நகரைச் சுற்றி வளைந்து, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, ஈற்றில் நம் ஊரை அடுத்த கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. அங்கே விரிவுரை மண்டபங்களின் அருகாக ஓடிய நீரே இங்கே நம்மவரின் தோணிகளைத் தாங்குகின்றது. அந்நீர் இறங்கி வரும் திசைக்கு எதிர்த்திசையிலே நம் மாணவர் ஏறிச் சென்றனர். நீர் வருவது எளிது. நம் பிள்ளைகள் போவதோ ஒருகாலும் எளிதாக இருந்ததில்லை. அவர்கள் எவ்வாறு போயினர், போன இடத்தில் எதைக் கண்டனர், எதைக் கொடுத்தனர் என்பவற்றை இம்மலரின் வாயிலாகச் சிறிது நோக்குவோம். மூத்தோர்க்கு இது நினைவாகவும் இளையோர்க்கு அறிவாகவும் அமையும் என நம்புகின்றோம்.

கடலுக்கு அப்பால் இருந்த பட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கையிற் பல்கலைக்கழகம் என ஒன்று இருந்ததில்லை. 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி கொழும்பில் இருந்தது. ஏனைய துறைகளிற் பட்டம் வேண்டியோர் இந்தியாவுக்கோ இங்கிலாந்துக்கோ செல்லுதல் வேண்டும். செல்ல வசதியற்றோர் இங்கிருந்தபடியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றுதல் வேண்டும். இக்குறையைப் போக்க எண்ணிப் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவிக் கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாக 1921இலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அங்கே படித்தோர் பெற்ற பட்டம் இலண்டனுடையதே.

அக்காலத்துக் கிழக்கிலங்கை மாணவர் ஒருவரின் வரலாறு நாம் அனைவரும் அறிந்தது. 1892இல் காரைதீவிலே பிறந்த மயில்வாகனனார் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலே தேறினார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். ஒரு கையிலே தமிழும் மறு கையிலே விஞ்ஞானமும் ஏந்திய அவரே பின்னர்த் துறவு பூண்டு விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பட்டார். இராமகிருஷ்ண மிஷனின் சார்பிலே கிழக்கு மாகாணப் பாடசாலைகளை அவர் பேணி வளர்த்தார். நம் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் கைபட்டு வளர்ந்ததே. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராகி, 1947இல் மறையும்வரை அப்பதவியை வகித்தார். ஆகவே இலங்கையிலே பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்குக் கால்கோள் இட்டவர் கிழக்கின் கடலோரக் கிராமத்திலே பிறந்த ஒருவரே என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

பேராதனை எழுந்தது

1942ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் அதனுள் ஒன்றாயின. சேர். ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். தொடக்கத்திலே கற்ற மாணவர் தொகை சுமார் தொள்ளாயிரமே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1945இல், கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு சிறிதேனும் திறந்தது அன்றுதான்.

மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்திலே தங்கி வாழ்ந்து கற்றலே பல்கலைக்கழக வாழ்வு என்பது ஜெனிங்ஸ் அவர்களின் கொள்கை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ச் என்பவற்றை மனத்திற்கொண்டு, அந்தானை மலையடிவாரத்திலே மகாவலிக் கரையிலே பேராதனை வளவு அமைக்கப்பட்டது. 1952 ஒக்டோபரிற் கலைப்பீடம் முதலியன கொழும்பிலிருந்து அங்கே பெயர்ந்தன. 1954 ஏப்பிரலில் எடின்பரோ கோமகன் முறைப்படி அதனைத் திறந்து வைத்தார். விடுதிகளுள் ஒன்று அருணாசலத்தின் பெயரையும் மற்றொன்று அவர் தமையனார் இராமநாதனின் பெயரையும் தாங்கின.

நம் பகுதி மாணவர் அங்கே போன வழியை மூத்தோர் அறிவர். மூதூருக்கு வந்து, அங்கிருந்து லாஞ்சி ஏறிக் குடாவைக் கடந்து திருகோணமலைப் பட்டினம் சேர்தல் முதற் கட்டம். புகையிரதம் ஏறிக் காலோயா, மாகோ சந்திகளைக் கடந்து, பொல்காவலையிலே மலைநாட்டு வண்டிக்கு மாறி, கடுகண்ணாவை ஏற்றத்திலே மூச்சு வாங்கும் இயந்திரத்தோடு பேராதனை சேர்தல் இரண்டாம் கட்டம். தகரப் பெட்டியும் பாயுமாகப் புறப்பட்ட பிள்ளைக்கு ஊர் முழுவதும் விடை கொடுத்த காலம் அது.

போய்ச் சேர்ந்த பின்னர் மூன்றாம் கட்டம் ஒன்று இருந்தது. விரிவுரைகள் ஆங்கிலத்தில், விடுதி மேசையிலே கத்தியும் முள்ளுக் கரண்டியும், பனிக் குளிர், பழகாத முகங்கள். பட்டினத்துக் கல்லூரிகளிலிருந்து வந்தோர் அங்கே வீட்டில் இருப்பது போல நடமாட, கிராமத்துப் பிள்ளை வாய் திறக்கத் தயங்கி நின்றான். 1960ஆம் ஆண்டளவிலே கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாகிய பின்னரே சுயமொழியிற் கற்ற கிராமத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாக அங்கே புகுந்தனர். விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றன.

கிராமம் கொண்டு சென்ற கொடை

இத்தயக்கத்தைப் போக்கிய சிலவற்றை இங்கே கூறுதல் வேண்டும். தமிழ்ச் சங்கம் ‘இளங்கதிர்’ என்னும் மலரை வெளியிட்டு மாணவரின் எழுத்தை வளர்த்தது. இந்து மாணவர் சங்கத்தாரின் முயற்சியால் மலைச்சாரலிலே குறிஞ்சிக் குமரன் ஆலயம் எழுந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பேச்சுத் தமிழிலே நாடகங்கள் எழுதி மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். வீட்டிற் பேசும் மொழி பல்கலைக்கழக மேடையில் ஒலிக்கக் கேட்ட பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்திராதா?

எல்லாவற்றிலும் மேலானது கூத்து. 1956இலே பேராசிரியர் சரச்சந்திர, சிங்கள நாட்டார் அரங்கை அடியாகக் கொண்டு ‘மனமே’ நாடகத்தைத் தந்தார். அவர் எடுத்தாண்ட அரங்க வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது ஆராய்ந்தோர் கருத்து. அயலார் தம் கிராமத்துச் செல்வத்தைப் பேணுதல் கண்ட தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம் கூத்தை நாடிக் கிழக்கே திரும்பினார். மட்டக்களப்பு மரபுக் கூத்தைச் செப்பனிட்டு 1962இற் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. அதன்பின் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்பன தொடர்ந்தன.

இங்கே ஒன்று கவனித்தற்குரியது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தைப் படித்தவர் பலர் பாமரர் ஆட்டம் என ஒதுக்கியிருந்த காலம் அது. அக்கூத்தின் ஆட்டத் தருக்களை அறிந்திருந்தோர் கிழக்கின் கிராமங்களிலிருந்து வந்த மாணவரே. விரிவுரையிலே பின்வரிசையில் இருந்த பிள்ளை ஒத்திகையிலே முன்வரிசைக்கு வந்தான். மட்டக்களப்பிலிருந்து சென்று அக்கூத்துகளில் ஆடிய மாணவருள் ஒருவராகிய சி. மௌனகுரு பின்னாளிற் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே நுண்கலைப் பேராசிரியராகி அக்கலையை அடுத்த தலைமுறைக்குக் கையளித்தார். பல்கலைக்கழகத்துக்கு நம்மவர் வெறுங்கையோடு போகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

வழி ஒடுங்கிய காலம்

இன்பம் மட்டும் கூறி விடுதல் வரலாறாகாது. 1971இல் தரப்படுத்தல் வந்தது. அவ்வாண்டு மருத்துவ பீடம் புகச் சிங்கள மொழி மூலம் தோற்றியவருக்கு 229 புள்ளிகள் போதியனவாக இருக்க, தமிழ் மொழி மூலம் தோற்றியவருக்கு 250 வேண்டப்பட்டன. பொறியியலுக்கு 227உம் 250உம். ஒரே பரீட்சை எழுதிய இருவருள் ஒருவரின் தாய்மொழி அவருக்குத் தடையாக்கப்பட்டமை தமிழ் இளைஞரின் நெஞ்சிலே ஆறாத வடுவாயிற்று.

1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. இதனால் யாழ்ப்பாணத்து மாணவர் பெரிதும் இழந்தனர். ஆனால் பாடசாலை வசதி குன்றிய திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களின் மாணவருக்கு இடம் கிடைத்தது என்பதையும் நடுநிலையாளர் மறைத்தல் ஆகாது. பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு நாற்பது வீதம் தீவடங்கிய திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்னும் முறை பின்னர் நிலைபெற்றது. அப்பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நம் மாவட்டமும் உண்டு. நம் பிள்ளை அச்சலுகையைப் பெறுதல் இழிவன்று. ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பாடசாலையிலே பெற்ற புள்ளியின் பெறுமதியை அளக்கும் ஒரு கோல் அது. ஆனால் அப்பட்டியலினின்றும் நீங்கும் நாளை நோக்கி உழைத்தல் நம் கடமை.

1983 மே மாதத்திலே பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மாணவர் மாணவருக்கே இழைத்த கொடுமையும் உண்டு. 1997இலே பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதன் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மூத்த மாணவராகப் போகின்ற நம் இளைஞர் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு தாய் லாஞ்சி ஏற்றி அனுப்பிய பிள்ளையை மற்றொரு தாயின் பிள்ளை வருத்துதல் கல்வியன்று.

கிழக்கே வந்த பல்கலைக்கழகம்

1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றிப் பின்னர்த் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1981இல் வந்தாறுமூலையிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2001இல் அதன் திருகோணமலை வளாகமும் அமைந்தது. ஏறிச் சென்ற பிள்ளைகளைத் தேடிப் பல்கலைக்கழகமே இறங்கி வந்தது எனலாம்.

வந்த இடத்திலும் அமைதி நிலைக்கவில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலை வளாகத்திலே அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. 2006 சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையிலே உயர்கல்வியின் வாயிலில் நின்ற ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அதே 2006 திசெம்பரிற் கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் பேராசிரியர் இரவீந்திரநாத் கொழும்பிலே காணாமற் போனார்.

நம் ஊருக்கும் அவ்வாண்டே இடி விழுந்தது. 2006 ஏப்பிரலிற் குண்டுகள் வீழ்ந்தன. சம்பூர் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களிலே நம் பிள்ளைகள் பத்தாண்டளவு வளர்ந்தனர். காணிகள் 2015இலும் 2016இலும் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. கடற்படை முகாமினுள் அகப்பட்டிருந்த நம் பாடசாலையும் அவ்வாறே மீண்டது. 2006இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஊர் திரும்பும்போது சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டும் வயதை அடைந்திருந்தது. அப்பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதும் தகரக் கூரையின் கீழ்க் கழிந்தது. அந்நிலையிலே கற்றோர் பெற்ற ஒவ்வொரு சித்தியும் நம் ஊரின் பொதுச் சொத்தாகும்.

இனிச் செய்ய வேண்டியவை

அன்பார்ந்த இளைஞர்களே! இன்று வழி முன்போல நீண்டதன்று. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தரைவழியாகவே திருகோணமலை செல்லலாம். 1981இல் தொடங்கிய மகாபொலப் புலமைப்பரிசில் வறிய மாணவருக்குக் கைகொடுக்கின்றது. பேராதனைதானும் இப்போது பல பல்கலைக்கழகங்களுள் ஒன்று. ஆயினும் முதன்முறை விடுதி வாயிலிலே நிற்கும் கிராமத்துப் பிள்ளையின் தயக்கம் இன்னும் மறையவில்லை. அத்தயக்கம் மறைதற்கு வேண்டுவது பணம் மட்டுமன்று. தான் யாருடைய வழியிலே வந்தவன், வந்தவள் என்னும் அறிவு.

ஆகவே நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். பல்கலைக்கழகம் சென்றோர் விடுமுறையில் ஊர் வரும்போது, உயர்தர மாணவருக்கு, சிறப்பாகக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களிலே, வகுப்பு நடத்துக. புதிதாகப் புகுவோரின் பெயரை முற்கூட்டியே அறிந்து, அங்கே படிக்கும் நம்மவர் ஒருவர் அவரை எதிர்கொண்டு அழைத்து விடுதி சேர்ப்பிக்க ஒழுங்கு செய்க. நம் மூத்தோர் அறிந்த கூத்து, வசந்தன், கும்மி, குடாக்கடற் தொழில், வயற் தொழில் ஆகியவற்றின் சொற்களையும் செய்திகளையும் மாணவர் எழுதி வைக்க. அவை நாளைய ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாகும்.

மூத்தோர்க்கும் ஒரு சொல். பெண் பிள்ளையைத் தூர தேசம் அனுப்பத் தயங்குதல் நம்மிடையே இன்னும் உண்டு. முகாமிலே மண்ணெண்ணெய் விளக்கின் முன் இருந்து படித்தவள் விடுதியிலே மின் விளக்கின் கீழ்ப் படிக்க அஞ்ச மாட்டாள். அவளை அனுப்பி வையுங்கள்.

காரைதீவிலிருந்து புறப்பட்ட ஒருவர் தமிழ்ப் பீடத்திலே அமர்ந்தார். மட்டக்களப்பு வட்டக்களரியிலே ஆடிய கால்கள் பேராதனை மேடையிலே ஆடின. சம்பூர் மண்ணிலிருந்து செல்லும் பிள்ளையும் கற்பதற்கு மட்டுமன்றிக் கற்பிப்பதற்கும் உரிமையுடைய பிள்ளை என்னும் எண்ணத்தோடு செல்லட்டும். சென்றோர் சிறக்க! செல்வோர் பெருகுக! நம் ஊர் உயர்க!