காவஸ்ஜியின் நெற்றித் தழும்பு

சத்திர சிகிச்சை மேனாட்டார் நமக்கு ஈந்த கலையென்றே மிஷன் பாடசாலையில் நாம் பயின்றோம். சகலமும் நம் ஏடுகளில் உண்டென மேடையிலே முழங்குவோரும் உளர். 1794ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மன்ஸ் மகசீன்' சஞ்சிகையில் வெளியான கடிதமொன்று இருசாராரையும் சற்றே சிந்திக்க வைக்கும்.

காவஸ்ஜி, ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டின் பின் புனாவில் அவருக்குப் புதுமூக்கு அமைத்தவர் பண்டிதரல்லர். செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர். அச்சிகிச்சையைக் கண்ணுற்ற ஆங்கில வைத்தியர்களான தோமஸ் குரூசோ, ஜேம்ஸ் பின்ட்லே ஆகியோரின் பெயர்கள் நிலைத்தன. செய்தவர் பெயரை எவரும் எழுதிவைத்திலர்!

மெழுகுத் தகட்டால் மூக்கின் அளவெடுத்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்தார். வரைந்த தோலை உரித்து, இரத்தவோட்டம் அறாதிருக்கப் புருவங்களின் நடுவே ஒரு கீற்றை மட்டும் விட்டுவைத்து, கீழே திருப்பிப் பொருத்தினார். நம்மை வியக்க வைப்பது அதன் பின்னர் நிகழ்ந்த பராமரிப்பே. தாம்பூலத்திற் சேரும் காசுக்கட்டியை நீரிற் குழைத்து, துணிக்கீற்றுகளிற் பூசி, ஐந்தாறை ஒன்றன்மேலொன்றாக ஒட்டினார். நான்கு நாள் வரை வேறு மருந்தில்லை. பின்னர் நெய்யில் தோய்த்த துணி. நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே கிடக்கவேண்டும். பத்தாம் நாள் நாசித் துவாரங்களில் மெல்லிய துணி வைக்கப்பட்டது. இருபத்தைந்தாம் நாளளவில் இணைப்புக் கீற்றை அறுத்து, மூக்கின் தோற்றத்தைச் சீர்செய்தார்.

சுசுருதர் இதனை அறியாதவரல்லர். புண்ணுக்கு அவர் வகுத்த அறுபது சிகிச்சைகளுள், வெளிறிய வடுவைக் கருமையாக்கலும், கறுத்த வடுவை வெளுப்பாக்கலும், உரோமம் முளைப்பித்தலும் அடங்கும். ஆயின் மூக்கிற்கு அவர் கூறியது கன்னத்துத் தோல். புனாவில் எடுத்ததோ நெற்றித் தோல். இம்மாற்றம் ஏட்டிலிருந்து வந்ததன்று, தலைமுறைதோறும் பழகிய கையிலிருந்து வந்ததென்றே நாம் எண்ணுகிறோம்.

இலண்டனில் ஜோசப் கார்ப்யூ 1814இல் இராணுவ அதிகாரி ஒருவருக்கு இம்முறையைக் கையாண்டு, 1816இல் நூலாக வெளியிட்டார். மூக்கைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோர்க்கு இன்றும் நெற்றித் தோல் உதவுகிறது. நெற்றியின் வடு நாட்பட அவ்வளவாகத் தெரியாதென்றது அப்பழைய கடிதம். தழும்பு முதிர ஓராண்டும் அதற்கு மேலும் செல்லுமென்றும், அதுவரை வெயில் படாது காக்கவேண்டுமென்றும் இக்கால வைத்தியர் கூறுவர்.