கழுதைக்காரன் சிம்சன்

1910 மே மாதம். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த ‘யெட்டோ’ என்ற சரக்குக் கப்பலிலிருந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டான். பெயர் ஜான் கிர்க்பாட்ரிக். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க்காரன். முந்தைய ஆண்டுதான் அப்பா இறந்திருந்தார். கப்பலில் கூலி குறைவு, வேலையோ இடுப்பை ஒடிக்கும்.

அதன்பிறகு நாலு வருடம் கால் போன போக்கில் ஒரு வாழ்க்கை. குவின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டினார், நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார், கரையோரக் கப்பல்களின் அடித்தட்டில் உலைக்கு எரியூட்டினார். குடிப்பார், அடிதடிக்கும் தயங்க மாட்டார். எங்கே இருந்தாலும் அம்மா சாராவுக்குப் பணமும் கடிதமும் அனுப்புவதை மட்டும் விடவில்லை. இங்கிலாந்தின் முதலாளிமாரையும் பிரபுக்களையும் துடைத்தெறிய ஒரு புரட்சி வந்தால்தான் உருப்படும் என்று அந்தக் கடிதங்களில் ஒன்றில் எழுதியிருக்கிறார். இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இருந்த கப்பல் பெர்த் அருகே ஃப்ரீமேண்டில் துறைமுகத்தில் நின்றது. அங்கேயும் இறங்கிவிட்டார். பட்டாளத்தில் சேர்ந்தால் அரசாங்கச் செலவில் ஊர் போய் அம்மாவைப் பார்க்கலாம் என்பது கணக்கு. கப்பலை விட்டு ஓடிய ஆள் என்று பிடித்துவிடக்கூடாதே என்ற பயமும் இருந்திருக்க வேண்டும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஜான் சிம்சன் என்று பதிந்துகொண்டார். சிம்சன், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ஆள் திடகாத்திரமாக இருந்ததால் 3ஆம் கள ஆம்புலன்ஸ் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கும் வேலை கிடைத்தது. ஆனால் அந்தப் படை இங்கிலாந்து போகவில்லை. எகிப்தில் இறக்கிவிட்டார்கள்.

1915 ஏப்ரல் 25 விடியற்காலை துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் தரையிறங்கியவர்களில் சிம்சனும் ஒருவர். கரையை ஒட்டியே செங்குத்தான மேடுகள், மேலே துருக்கியர்கள். முன்வரிசைக் காவல் முனைகளிலிருந்து கடற்கரைக்கு வர முக்கியப் பாதை மொனாஷ் பள்ளத்தாக்கும் அதன் தொடர்ச்சியான ஷ்ராப்னல் கல்லியும். வெடிகுண்டுச் சிதறல்கள் மழையாய்க் கொட்டியதால் கல்லிக்கு அந்தப் பெயர். காயம்பட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து அந்தக் கரடுமுரடான பாதையில் இறக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். தரையிறங்கிய அன்றே தூக்குபவர்களில் பலர் செத்தும் காயப்பட்டும் போயிருந்தார்கள்.

கரையில் மேய்ப்பவர் இல்லாமல் சில கழுதைகள் திரிந்தன. சிம்சன் சிறுவயதில் கோடை விடுமுறைகளில் சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் பிள்ளைகளைக் கழுதைச் சவாரி ஏற்றிக் காசு பார்த்தவர். ஒன்றைப் பிடித்தார். காலில் குண்டு பட்டவன் உட்கார முடியும். அவனைக் கழுதைமேல் ஏற்றி, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி கீழே கொண்டுவந்தார். போகும்போது தண்ணீர், வரும்போது ஆள். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்தார் என்பதுதான் விஷயம். கழுதைக்குப் பெயர் மர்ஃபி என்பார்கள், டஃபி என்பார்கள், அப்துல் என்பவர்களும் உண்டு. ஒரே கழுதை அல்ல என்பதால் எல்லாமே சரியாக இருக்கலாம்.

பிரிவோடு தங்காமல் அவர் பாட்டுக்கு இயங்கியதை அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. கழுதைக்குத் தீனி கிடைக்கும் இடமாகப் பார்த்து, பஞ்சாபிச் சீக்கியர்களும் முஸ்லிம்களும் இருந்த 21ஆவது கோஹாட் மலைப் பீரங்கிப் படையின் கோவேறு கழுதை முகாமிலேயே போய்த் தங்கினார், அவர்களோடு சாப்பிட்டார். அவர்கள் அவரை ‘பகதூர்’ என்று அழைத்தார்கள். வைஸ்ராய் விருந்தில் கழுத்தை நீட்டி வாங்கும் பகதூர் பட்டம் அல்ல இது. பீரங்கிப் படை மனிதர்கள் தாங்களாகக் கொடுத்தது. அவருக்குக் கிடைத்த மரியாதைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

மே 19ஆம் தேதி துருக்கியர்கள் ஏறக்குறைய 42,000 பேரோடு பெருந்தாக்குதல் நடத்தினார்கள். அன்று காலை வழக்கமான பாதையில் மேலே போன சிம்சன் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். இருபத்திரண்டு வயது. தரையிறங்கி இருபத்துநாலு நாள். மறுநாளே அந்தப் பகுதியின் படையணித் தலைவர் மொனாஷ் அவர் சேவையைப் பாராட்டி மேலிடத்துக்கு எழுதினார். படைத்தலைமையின் அறிக்கையில் பெயர் குறிக்கப்பட்டது. வீரப் பதக்கம் எதுவும் வரவில்லை.

கதை அதன்பிறகுதான் ஊதிப் பெருத்தது. முந்நூறு பேரைக் காப்பாற்றினார் என்றார்கள். இருபத்துநாலு நாளில், அந்தப் பாதையில், ஒரு கழுதையோடு! நாட்குறிப்புகளைப் பார்த்துக் கூட்டிக் கழித்த வரலாற்றாசிரியர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. கலிப்போலி தோல்வியில் முடிந்த படையெடுப்பு. யாரையும் கொல்லாமல் உயிர்களைச் சுமந்த ஒரு வீரன் அந்த நேரத்தில் எல்லோருக்கும் தேவைப்பட்டான். ஆகவே கப்பலை விட்டு ஓடியதும் குடியும் அடிதடியும் மறைந்தன. அம்மாவுக்கு எழுதிய அந்தப் புரட்சி வரியும் மறைந்தது. சாம்ராஜ்யத்துக்காக மகிழ்ச்சியோடு உயிரைக் கொடுத்த புனிதராக அவரை ஆக்கிவிட்டார்கள். பிரபுக்களைத் துடைத்தெறிய வேண்டும் என்று எழுதிய ஆளை இப்படி ஆக்கியதுதான் அவருக்கு நடந்த பெரிய அநியாயம் என்பேன்.

அவருக்கு மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் தர வேண்டும் என்ற கோரிக்கை பல தலைமுறைகளாக எழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஆஸ்திரேலிய அரசு, அவருடையதோடு சேர்த்துப் பதின்மூன்று பேரின் விஷயங்களைப் பாதுகாப்புத் துறை விருதுகள் தீர்ப்பாயத்திடம் விட்டது. 2013இல் முடிவு வந்தது: வேண்டாம். சிம்சன் துணிச்சல்காரர்தான், ஆனால் அதே பிரிவில் அதே பாதையில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய மற்றவர்களும் அதே துணிச்சலைத்தான் காட்டினார்கள் என்றது தீர்ப்பாயம். சரியான தீர்ப்பு. அந்த மற்றவர்களின் பெயர்களை யார் பாடப்புத்தகத்தில் போட்டார்கள்?

இன்னொன்றும் உண்டு. சிம்சனைக் காட்டும் ஓவியமாக உலகம் முழுக்கப் பரவியது நியூசிலாந்து ஓவியர் ஹொரேஸ் மூர்-ஜோன்ஸ் 1917இல் ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. ஓவியர் அதை சிம்சன் என்றே நினைத்தார். படத்தில் கழுதையோடு இருப்பவர் சிம்சனே அல்ல. அவருக்குப் பின் அதே வேலையைத் தொடர்ந்த நியூசிலாந்துப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஹென்டர்சன். அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)