ஆக்சிஜனை விடாத உலோகம்



இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். "உள்ளே வைத்த உலோகம் துருப்பிடிக்காதா சார்?" என்று உங்களில் சிலர் கேட்டதுண்டு. தொடை எலும்புக்குள் செருகும் தண்டு பெரும்பாலும் டைட்டானியக் கலவை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் கருமணலை ஆராய்ந்தபோது புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதே இல்மனைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இருக்கிறது. 1795-இல் ஜெர்மானியர் கிளாப்ராத் 'டைட்டானியம்' என்று பெயரிட்டார். பெயர் வந்தது, உலோகம் வரவில்லை. ஆக்சிஜனை அது அவ்வளவு இறுகப் பிடித்திருந்தது! 1910-இல்தான் அமெரிக்காவில் மேத்யூ ஹண்டர் சோடியத்தின் உதவியால் தூய உலோகத்தைப் பிரித்தார். 119 ஆண்டுக் காத்திருப்பு. பிறகு லக்சம்பர்க்கின் வில்லியம் குரோல், மெக்னீசியத்தைக் கொண்டு பெருமளவில் எடுக்க வழி கண்டார்.

அந்தப் பிடிவாதமே பின்னால் வரமானது. காற்றுப் பட்டதும் டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு தோல் படர்கிறது. கீறினாலும் உடனே மீண்டும் படரும். இரும்புத் துருபோல் உதிராது. உடலின் உப்புநீர் அதைத் தாண்டுவதில்லை. 1952-இல் சுவீடனின் பிரேன்மார்க் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியவில்லை; எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-இல் மனிதத் தாடையில் பல் பொருத்தவும் அது பயன்பட்டது.

குறை ஒன்று உண்டு. அந்த மெல்லிய தோல் உராய்வைத் தாங்காது. அதனால்தான் மூட்டில் உருளும் பந்தை வேறு பொருளில் செய்கிறார்கள்.

தோலைத் தடிமனாக்க மின்சாரம் உதவியது. கரைசலில் மூழ்கிய உலோகத்தில் அதிக மின்னழுத்தம் கொடுத்தால் மேற்பரப்பெங்கும் பொறி பறக்கும். 1970-களில் சோவியத் ஆய்வாளர்கள் இம்முறையை நன்கு வளர்த்தார்கள். பொறி பட்ட இடம் உருகி உறைந்து பீங்கானாகிறது. அடிப்பகுதி இறுக்கமாகவும், மேற்பகுதி ஆப்பம்போல் துளைகளோடும் அமைகிறது. அத்துளைகளில் எலும்பு பற்றிக்கொள்ளும். கடினமும் கூடும்.

ஆனால் பீங்கான் வளையாது, விரியும். திரும்பத் திரும்பப் பளு ஏறும்போது அந்த விரிசல் அடியிலுள்ள உலோகத்துக்குள்ளும் இறங்கலாம். ஆகவே எவ்வளவு தடிமன் என்பதைவிட, எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதே கேள்வி.

இத்துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கீழே விளக்கி எழுதுங்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்