கபாலத்தைத் தூக்கிய நாய்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு கூட்டம் கோயிலுக்குப் போய்விட்டுப் புடவை வாங்க வரும். இன்னொரு கூட்டம் புடவை வாங்கிவிட்டு, பொழுது மிஞ்சினால் கோயிலை எட்டிப் பார்க்கும். தமக்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் நான் இரண்டாவது கூட்டத்தோடு போனேன். துணைக்கு ஓர் எழுத்தாள நண்பரும் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரை நான் அண்ணா என்றுதான் அழைப்பது.

பெண்கள் எல்லாரும் நெசவாளர் வீட்டு உள்ளே புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. நாங்கள் தறியோரம் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். குழித்தறியில் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அதன் அடியில், குழியின் விளிம்பில், ஒரு சாம்பல் நிறப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. தறியின் சத்தம் அதை ஒன்றும் செய்யவில்லை.

"பூனை பட்டைப் பிராண்டாதா?" என்று கேட்டேன்.

"அது இல்லேன்னாத்தான் கஷ்டம் சார். எலி ராத்திரியோட ராத்திரியா பாவைக் கடிச்சுப் போட்டுடும்" என்றார் நெசவாளர்.

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டாயா? இந்த வீட்டில் பூனைக்கு ஒரு வேலை இருக்கிறது. உன் கதையில் வருகிற நாய்க்கு என்ன வேலை?"

அவர் எந்தக் கதையைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எஜமானர் இறந்த பிறகு அவரை எரித்த இடத்தை விட்டு நகராமல், மூன்று நாள் பட்டினி கிடந்து உயிரை விட்ட நாயைப் பற்றி நான் எழுதிய கதை. அதைப் படித்து அழுததாக எனக்கு வந்த கடிதங்கள் அதிகம். அந்தக் கடிதங்களில் எனக்குப் பெருமையும் அதிகம்.

"அது நன்றிக்கு அடையாளம், அண்ணா."

"அடையாளம்தான். நாய் இல்லை. நாலு கால் வைத்துக்கொண்டு நீயே படுத்திருக்கிறாய். நாயைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று இந்த ஊரில் ஒருவர் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே எழுதிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் நம்மைப் போல் கதை எழுதிப் பிழைத்தவரும் அல்ல. ராஜா!"

புடவை முடிவாக இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று தெரிந்தது. ஊருக்கு மேற்கே இருக்கும் கைலாசநாதர் கோயிலுக்கு நடந்து போனோம். புல்தரையில் உட்கார்ந்து அண்ணா சொன்னதையும், அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த ராஜா மகேந்திரவர்ம பல்லவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்டவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பொறித்துக்கொண்டவர். விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி, குணபரன் என்று அவருக்குப் பட்டப் பெயர்கள் பல. அவற்றில் ஒன்று மத்தவிலாசன். அந்தப் பெயரையே வைத்து 'மத்தவிலாசப் பிரஹசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை சம்ஸ்கிருதத்தில் எழுதினார். வடக்கே புலிகேசி படை திரட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் அரசர் உட்கார்ந்து சிரிப்பு நாடகம் எழுதியிருக்கிறார் என்பதே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தைரியம்.

கதை நடக்கும் இடம் காஞ்சி நகரத் தெரு. சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வருகிறான். வழியில் பார்த்தால் கையில் இருந்த கபாலத்தைக் காணவில்லை. பிச்சை வாங்குவதும் குடிப்பதும் அந்த மண்டையோட்டில்தான். அது போனால் காபாலிகன் என்ற பெயரே போய்விடும். அவன் யோசிக்கிறான்: 'அதில் சுட்ட மாமிசம் இருந்ததே! ஆகையால் ஒரு நாய் எடுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு பௌத்த பிக்ஷு எடுத்திருக்க வேண்டும்.'

அந்தச் சமயம் பார்த்து நாகசேனன் என்ற பிக்ஷு ஒரு வணிகர் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு, பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்தபடி வருகிறான். போதாதா? சண்டை பிடித்துக்கொள்கிறது. பிக்ஷு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். அது கறுப்பு, என்னுடையது வெள்ளை என்று சத்தியசோமன் ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே? 'நிறத்தை மாற்றிவிட்டான்!' என்று கூச்சலிடுகிறான். பப்ருகல்பன் என்ற பாசுபதன் பஞ்சாயத்துக்கு வருகிறான். அவனுக்கும் உள்ளே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நியாயஸ்தலத்துக்குப் போகலாம் என்று பேச்சு எழுகிறது. விகாரத்தில் பணம் கொழிக்கிறது, அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார்கள் என்று தேவசோமை சொல்கிறாள். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் வருகிறான். அவன் கையில் கபாலம் இருக்கிறது. ஒரு நாயின் வாயிலிருந்து பிடுங்கியதாம்!

இந்தச் சண்டையில் இருக்கிற துணிச்சல் இன்று நமக்குச் சட்டென்று புரியாது. மகேந்திரர் காலத்துக்குச் சற்றுப் பின்பு, சுமார் 640-ல், யுவான் சுவாங் காஞ்சிப் பகுதிக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருப்பதாக எழுதிவைத்தார். காபாலிகர்களும் பாசுபதர்களும் சமணர்களும் பௌத்தர்களும் ஒரே தெருவில் தோளை இடித்துக்கொண்டு நடந்த நகரம் அது. நாடகத்தில் அடிபட்டவர்கள் எல்லாரும் அரண்மனைக்கு வெளியே நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

அண்ணா கேட்டார்: "இதில் ராஜா செய்த தந்திரம் எது, சொல்லு பார்க்கலாம்."

"கடைசியில் நாயைக் கொண்டுவந்தது."

"தப்பு. நாயை முதலிலேயே கொண்டுவந்துவிட்டார். சத்தியசோமன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார். நாய் அல்லது பிக்ஷு. சரியான விடை பாதி அங்கேயே இருக்கிறது. ஆனால் ஒரு பயலாவது நாயைத் தேடிக்கொண்டு போனானா? நாயோடு சண்டை போட்டால் ருசி இல்லை. மனிதனோடு போட்டால்தான் ருசி. அதனால் நாயை மறந்துவிடுகிறார்கள். சபையில் இருக்கும் நாமும் மறந்துவிடுகிறோம்."

நான் பேசாமல் இருந்தேன்.

"இன்னொன்று. அந்த நாய் என்ன பாவம் செய்தது? பாத்திரத்தில் மாமிசம் இருந்தது, கவ்விக்கொண்டு போயிற்று. அது சைவமும் பேசவில்லை, பௌத்தமும் பேசவில்லை. நன்றி, விசுவாசம் என்று பாடம் எடுக்கவும் இல்லை. நாய் செய்கிறதைச் செய்தது. மனிதர்கள் செய்கிற அசட்டுத்தனம் அத்தனையும் அதைச் சுற்றித்தான் வெளிச்சமாயிற்று. கடைசியில் அதைத் தண்டிக்கவும் இல்லை."

நான் பஞ்சதந்திரத்தை எடுத்துப் போட்டேன். நம் நாட்டில் பிராணிகளை வைத்துக் கதை சொன்னவர்களில் விஷ்ணுசர்மாவுக்கு மிஞ்சியவர் யார்? அங்கே நரி மந்திரியாகவும் சிங்கம் ராஜாவாகவும் பேசவில்லையா?

அண்ணா மறுக்கவில்லை. "அது முகமூடிக் கூத்து. நரித்தோலைப் போர்த்திக்கொண்டு மந்திரி பேசுகிறான் என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதில் பொய் இல்லை. முகமூடியைப் போட்டுவிட்டு இது முகம் என்று சொன்னால்தான் பொய்" என்றார்.

இந்த இரண்டு வழியையும் ஒரே பாறையில் பார்க்க வேண்டுமானால் காஞ்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் போக வேண்டும். மாமல்லபுரத்துப் பெரிய தபசுப் பாறையில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். கங்கைக்கரையில் தவசி வேஷம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் உத்தியோக பர்வத்தில் வருகிறது. தருமரைப் பரிகசிக்கத் துரியோதனன் உலூகன் மூலம் சொல்லி அனுப்பிய கதை அது. சிற்பி செதுக்கியது முகமூடிப் பூனை.

ஆனால் அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. பெரிய யானையின் வயிற்றுக்கு அடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கு எந்த புராணத்தில் ஆதாரம் தேடுவது? சிற்பி எங்கேயோ நின்று, வேலையை மறந்து, நெடுநேரம் பார்த்திருக்கிறான். அதுதான் ஆதாரம். பிராணிகளிடம் பிரியம் என்பது முதலில் பார்ப்பதுதானோ என்று எனக்கு அப்போது தோன்றியது. தடவிக்கொடுப்பதும் கண்ணீர் விடுவதும் பிறகு வருகிறவை.

காஞ்சிக்குப் பார்க்கத் தெரிந்த இன்னொரு கதாசிரியரும் உண்டு: தண்டி. நாங்கள் உட்கார்ந்திருந்த கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த ராஜசிம்ம பல்லவர் காலத்தை ஒட்டி வாழ்ந்தவர். 'அவந்திசுந்தரி கதை' 1924-ல் அச்சில் வந்த பிறகுதான் அவர் வாழ்க்கையைப் பற்றிச் சில செய்திகள் துலங்கின. சிறு வயதில் தாய் தந்தையரை இழந்தவர். பகைவர் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் காஞ்சியை விட்டு ஊர் ஊராக அலைந்து, அமைதி திரும்பிய பின் வந்து சேர்ந்தவர். கதை என்றும் ஆக்கியாயிகை என்றும் இலக்கணக்காரர்கள் இரண்டு ஜாதி பிரித்து வைத்திருந்தார்கள். பாத்திரமே தன் கதையைச் சொன்னால் ஒன்று, வேறு ஒருவர் சொன்னால் மற்றொன்று என்றெல்லாம் கணக்கு. தண்டி தமது காவியாதர்சத்தில் அதை ஏற்கவில்லை. ஒரே சரக்குக்கு இரண்டு பெயர் என்று தள்ளிவிட்டார். தமிழில் தண்டியலங்காரம் அந்த நூலை ஒட்டி எழுந்ததுதான்.

இலக்கணம் எழுதியவர் கதையும் எழுதினார் என்பதுதான் விசேஷம். அவருடைய 'தசகுமார சரிதத்தில்' காஞ்சி வணிகன் ஒருவன் ஒரு சிறு அளவு நெல்லை எடுத்துக்கொண்டு பெண் தேடிப் புறப்படுகிறான். அந்த நெல்லை மட்டும் வைத்துத் தனக்குச் சாப்பாடு போடுகிறவள்தான் மனைவி என்கிறான். காவிரிக்கரையில் கோமினி என்ற பெண் நெல்லைப் பக்குவமாகக் குத்துகிறாள். உமியை நகை மெருகிடுவதற்காகத் தட்டாரிடம் விற்கச் சொல்லி, அந்தக் காசில் விறகும் சட்டியும் வாங்குகிறாள். அடுப்புக் கரியையும் விற்று நெய்யும் தயிரும் புளியும் வாங்குகிறாள். உமிக்கும் கரிக்கும் விலை தெரிந்த கதாசிரியர்! அதே புத்தகத்தில் ஒரு சந்தைச் சேவல் சண்டை வருகிறது. இரண்டு சேவல்களும் எந்த எந்த ஜாதி, எது ஜெயிக்கும் என்று கணக்குப் பார்க்கிறான் கதாநாயகன். சேவல் பித்துப் பிடித்த ஒரு கிழப் பிராமணரோடு அவனுக்கு அங்கே சிநேகம் ஏற்படுகிறது. பின்னால் ராஜகுமாரியை அடைய அவனுக்கு உதவுகிறவர் அந்தக் கிழவர்தான். சேவல் சேவலாகச் சண்டை போடுகிறது. கதை அதன் போக்கில் நகர்கிறது.

நம் காலத்தில் 1944 முதல் 1946 வரை கல்கி 'சிவகாமியின் சபத'த்தைத் தொடராக எழுதியபோது மகேந்திரரையும் காஞ்சியையும் திரும்ப உயிர்ப்பித்தார். அதில் சிவகாமி வளர்க்கும் ரதி என்ற மான்குட்டியையும் ஒரு கிளியையும் வைத்தார். அந்த மான் எத்தனை வீடுகளில் குழந்தைகளுக்குத் தோழியாயிற்று என்பதை அந்தத் தலைமுறை வாசகர்களே சொல்லுவார்கள்.

மகேந்திரரின் நாடகத்துக்கு மட்டும் காஞ்சியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேரளத்துச் சாக்கியார்கள் அதைக் கோயில்களில் ஆடிக் காப்பாற்றினார்கள். 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதைப் பதிப்பித்தார். பிறந்த ஊருக்கு அது சுற்றுவழியில் திரும்பி வந்தது.

இருட்டுவதற்கு முன் நெசவாளர் வீட்டுக்குத் திரும்பினோம். அரக்கு நிறப் புடவை முடிவாகியிருந்தது. கரையில் அன்னம், யானை, யாளி எல்லாம் ஜரிகையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான பட்டுக்கூடுகளை வெந்நீரில் போட வேண்டும். அந்தப் புழுவை மட்டும் நான் எந்தக் கரையிலும் பார்த்ததில்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். தமக்கை மகளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் அண்ணாவிடம் அதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. சாமான்களை இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றினோம். எங்கள் நாய்க்கு வண்டியில் இடம் இல்லை. புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அது வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தது. ஏரிக்கரை வந்ததும் அப்பா ஒரு மண்கட்டியை எடுத்து வீசினார். அது நின்றது. வாலை ஆட்டிற்று. நாங்கள் மறையும் வரை நின்றது. அப்புறம் அது என்ன ஆயிற்றோ, நாங்கள் விசாரிக்கவில்லை. இறங்கி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புது ஊரில் ரயில் பார்க்கலாம் என்ற நினைப்புத்தான் இருந்தது.

முப்பது வருஷம் கழித்து நான் கதை எழுதினேன். அதில் நாய் எஜமானரை விட்டுப் பிரியாமல் செத்துப்போயிற்று. நாங்கள் அதை விட்டு வந்ததைச் சொல்லவில்லை.

அண்ணா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கதையைத் தொகுதியிலிருந்து எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எடுக்க வேண்டாம். திருப்பி எழுது. நாயைச் சாகடிக்காதே. ஏரிக்கரையில் நிறுத்திவிடு. அது வாலை ஆட்டினதோடு நிறுத்து. மீதியை வண்டியில் இருப்பவர்களைப் பற்றி எழுது."

எழுத உட்கார்ந்தேன். நாயை எழுதுவதில் கஷ்டமே இல்லை; அரைப் பக்கத்தில் வந்துவிட்டது. வண்டியில் ரயிலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன்தான் இன்னும் சரியாக வரவில்லை.