பூட்ஸ் வாரும் பூட் ஆகாத பொட்டியும்

ஆம்பூர் பக்கம் வளர்ந்தவங்க எல்லாருக்கும் பூட்ஸ் பின்னாடி இருக்குற அந்தச் சின்னத் தோல் வார் தெரிஞ்சிருக்கும். காலை உள்ளே நுழைக்கும்போது விரலை விட்டு இழுக்க வச்சது. அதுக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். அந்த வாரைப் பிடிச்சு இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கிறதுன்னு அங்கே ஒரு கிண்டல் பேச்சு உண்டு; நடக்காத காரியம்னு அர்த்தம். கம்ப்யூட்டர் 'பூட்' ஆகுதுன்னு நாம சொல்றது அதிலேர்ந்து வந்ததுதான். ஆக, வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆட்களுக்கு இந்த வார்த்தை மேல கொஞ்சம் உரிமை இருக்கு :-)

பேரும் பொருத்தம்தான். ஒரு புரோகிராமை மெமரிக்குள் ஏத்த இன்னொரு புரோகிராம் வேணும். அந்த இன்னொண்ணை யார் ஏத்துறது?

1952-ல் வந்த ஐபிஎம் 701-ல் இதுக்குன்னே ஒரு லோட் பட்டன் இருந்தது. அமுக்கினால் கார்டிலிருந்தோ டேப்பிலிருந்தோ முதல் துண்டை மட்டும் மெஷினே படிச்சுக்கும். அந்தத் துண்டு மிச்சத்தைக் கூப்பிடும். 1973-ல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155-லும் இதே கதைதான். எந்தச் சாதனத்திலிருந்து ஆரம்பிக்கணும்னு எண்ணைத் திருப்பி வச்சுட்டு லோட் அமுக்கணும்.

1975-ல் வந்த ஆல்டேர் 8800 இன்னும் பாவம். கரண்ட் போனா மெமரியில் ஒண்ணும் மிஞ்சாது. அதனால ஒவ்வொரு முறையும் சுமார் 20 பைட்டை முன்னாடி இருக்குற சுவிட்சுகளை மேலேயும் கீழேயும் தட்டி உள்ளே ஏத்தணும். ஒரு சுவிட்ச் தப்பினால் மறுபடி முதல்லேர்ந்து. நம்ம பொட்டி மெதுவா எழுந்திருக்குதுன்னு புலம்புறவங்க இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும்.

1981 ஐபிஎம் பிசி இந்த வேலையை 8 கேபி பயாஸ்ல அடைச்சது. அது மெமரியை எண்ணும், கீபோர்டு இருக்கான்னு பார்க்கும், டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிச்சு அதுகிட்ட பொறுப்பை ஒப்படைச்சுட்டு ஒதுங்கிக்கும். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி, பூட் ஆகும்போது எந்தெந்தக் கோப்பு தேவைப்பட்டதுன்னு குறிச்சு வச்சு, அடுத்த முறை அதையெல்லாம் முன்கூட்டியே படிக்க ஆரம்பிச்சது. அந்தக் குறிப்புகள் இருக்குற பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிச்சா வேகம் கூடும்னு ஊரெல்லாம் ஒரு வைத்தியம் சுத்திச்சு. சுத்தப் பேத்தல். அழிச்சா அடுத்த பூட் இன்னும் மெதுவாத்தான் ஆகும்.

இந்த எக்ஸ்பி பொட்டி ஒண்ணு போன வருஷம் என்கிட்ட மாட்டிச்சு. ஆம்பூர்ல ஷூ அப்பர் தைக்கிற ஒரு சின்ன யூனிட். (2019 வரைக்கும் ஆம்பூர் வேலூர் மாவட்டம், இப்போ திருப்பத்தூர்.) 2006-லேர்ந்து யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த அளவுக்கு எந்தப் பேட்டர்ன்னு எல்லாம் அதுக்குள்ளதான். வேற காப்பி கிடையாது. "தம்பி, சுவிட்சைப் போட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் இது எழுந்திருக்காது" என்றார் பாய். கடிகாரம் வச்சுப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம்.

முதல் வேலையா எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். மெதுவா ஆகுற டிஸ்க் சாகப்போற டிஸ்க்கா இருக்கலாம். அதை நோண்டுறது அப்புறம். காப்பி எடுக்கவே ஒரு மத்தியானம் போச்சு. பாய் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டார், எழுந்திருக்கவே இல்லை.

ஸ்டார்ட்அப் பட்டியல்ல பெருசா ஒண்ணும் இல்லை. ஆனா டிஸ்க் விளக்கு எரியும்போதெல்லாம் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தா, ஹார்ட் டிஸ்க் பிஐஓ முறைக்கு இறங்கியிருக்கு. எக்ஸ்பியில் இது பழைய நோய். டிஸ்க்கோட பேசும்போது திரும்பத் திரும்பப் பிழை வந்தா, அது வேகத்தை ஒவ்வொரு படியா இறக்கும். கடைசியில் டிஎம்ஏவையே விட்டுட்டு, ஒவ்வொரு துண்டையும் பிராசசரே கையால தூக்கி வைக்கிற நிலைமைக்கு வந்துடும். நொடிக்கு 100 எம்பி வரை தாங்குற பாதை 16-க்குக் கீழே போயிடும். தானா மேலே ஏறவும் ஏறாது.

டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். 5ஆம் வரி, அதாவது கெட்டுப்போய் மாத்தின செக்டர், பூஜ்யம். 199ஆம் வரி, கேபிள் வழியா வந்த பிழை, ஏகத்துக்கும் ஏறியிருந்தது. ஆக டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, வழிதான் சரியில்லை. பொட்டியைத் திறந்தா பஃபிங் தூசி ஒரு படலமா படிஞ்சிருக்கு, ரிப்பன் கேபிள் ஒரு மூலையில மடங்கி நசுங்கியிருக்கு.

பழைய சாமான் கடையில 80 கம்பி கேபிள் ஒண்ணு கிடைச்சது. மாத்திட்டு, அந்த ஐடிஇ சேனலை டிவைஸ் மேனேஜர்ல அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் செஞ்சேன். எக்ஸ்பி புதுசா பார்க்குற மாதிரி பார்த்து டிஎம்ஏவுக்குத் திரும்பிச்சு. ஒன்றரை நிமிஷத்துல டெஸ்க்டாப்! எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோட ஆதரவை நிறுத்திடுச்சு. அதனால நெட் கேபிளையும் உருவிட்டேன்.

காப்பி இருக்குற டிஸ்க்கை பாய் ஒரு ஷூ பொட்டிக்குள்ள வச்சு பீரோவுல பூட்டினார். "புதுசு வாங்கினா இதெல்லாம் அதுல வருமா?" என்று கேட்டார். வரும்னேன், ஆனா கணக்கு மென்பொருள் அதுல ஓடுமான்னு பார்க்கணும். அது பழைய பிரிண்டர் போர்ட்டுல செருகுற பூட்டை நம்பி ஓடுற சரக்கு.