கருவில் முதலில் தோன்றுவது எது? ஆயுர்வேதக் கருவியலின் நெடிய விவாதம்

தாயின் வயிற்றில் வளரும் உடலில் எந்த உறுப்பு முதலில் உருவாகிறது? சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானத்தில், ஆறாம் அத்தியாயத்தில், இந்தக் கேள்வி எழுகிறது. விடை சொன்னவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. புலன்கள் குடியிருக்கும் தலைதான் முதல் என்றார் குமாரசிரஸ் பரத்வாஜர். பாஹ்லிகத்திலிருந்து, அதாவது இன்றைய வட ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியிலிருந்து வந்த காங்காயனர், உணர்வின் இருப்பிடமான இதயம் என்றார். ஊட்டம் வரும் வழி தொப்புள், எனவே அதுவே முதல் என்பது பத்ரகாப்யரின் வாதம். படிசர் கைகால்களைச் சொன்னார். விதேக நாட்டு ஜனகர் புலன்களைச் சொன்னார். மாரீசி காசியபரோ, கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றி முடிவு கூற இயலாது என்று ஒதுங்கிக்கொண்டார். எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன என்ற தன்வந்தரியின் கருத்தை இறுதியில் நூலின் ஆசானான ஆத்ரேயர் ஏற்கிறார்.

சுஸ்ருத சம்ஹிதையிலும் இதே விவாதம் உண்டு. பேசுவோரின் பெயர்கள்தான் மாறுகின்றன. அங்கே தன்வந்தரி மாங்கனியைச் சான்றாகக் காட்டுகிறார். பழுத்த மாம்பழத்தில் நாரும் சதையும் கொட்டையும் தனித்தனியே தெரிகின்றன. பிஞ்சிலும் அவை இருக்கவே செய்கின்றன. நுண்மையால் கண்ணுக்குப் படுவதில்லை. ஏற்கப்பட்ட முடிவை மட்டும் எழுதிவிட்டு நகராமல், தோற்ற வாதங்களையும் அவற்றைச் சொன்னவர் பெயரோடும் காரணத்தோடும் காப்பாற்றி வைத்திருப்பதுதான் இந்த நூல்களின் பெருமை.

இந்த ஆர்வம் மருத்துவர்களிடம் தொடங்கியதல்ல. மனிதனுக்குக் குதிகாலையும் கணுக்காலையும் விரல்களையும் படைத்தவர் யார் என்று அதர்வ வேதத்தின் பத்தாம் காண்டத்திலேயே ஒரு சூக்தம் கேட்கிறது. கர்ப்போபநிஷத்து ஒரு கால அட்டவணையையே தருகிறது. ஓர் இரவில் கலலம் எனும் கூழ்நிலை, ஏழு இரவுகளில் குமிழி, அரை மாதத்தில் பிண்டம், ஏழாம் மாதத்தில் உயிர் சேர்தல் என்று அது போகிறது. ஒன்பதாம் மாதத்தில் சிசுவுக்கு முற்பிறவி நினைவு வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. வினாவைச் சமயத்திடமிருந்து பெற்ற மருத்துவர்கள், விடைக்குக் காரணம் கேட்டார்கள்.

சரகத்தின் அதே சாரீர ஸ்தானத்தில், மூன்றாம் அத்தியாயத்தில் பரத்வாஜர் கேட்பதைக் கவனிக்க வேண்டும். தாய், தந்தை, ஆன்மா, உடலுக்கு ஒத்தவை, உணவுச் சாரம், மனம் ஆகிய ஆறும் கூடியே கரு உண்டாகிறது என்பது ஆத்ரேயரின் கொள்கை. தோலும் இரத்தமும் சதையும் கல்லீரலும் தாய்வழி. எலும்பும் பல்லும் நகமும் முடியும் தந்தைவழி. அப்படியானால் பார்வையற்றவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஏன் பார்வையற்றுப் பிறப்பதில்லை என்று மடக்குகிறார் பரத்வாஜர். வித்துக்குள் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பகுதி இருக்கிறது, அந்தப் பகுதி பழுதுபட்டால்தான் அந்த உறுப்பு பழுதுபடும் என்கிறார் ஆத்ரேயர். வாழ்நாளில் நேரும் குறை வேறு, வித்தில் இருக்கும் குறை வேறு என்ற இந்தப் பிரிவினை, மரபுப் பண்பு பற்றிய கூர்மையான சிந்தனை.

மாதவாரியான வளர்ச்சியை இரு நூல்களும் ஏறத்தாழ ஒத்தே சொல்கின்றன. முதல் மாதம் கூழ். இரண்டாம் மாதம் கெட்டியான திரள். மூன்றாம் மாதத்தில் கைகளுக்கும் கால்களுக்கும் தலைக்குமாக ஐந்து மொட்டுகள் எழுகின்றன என்பது சுஸ்ருதம். தாய்க்கு இரண்டு இதயங்கள் சேர்வதால் ஆசைகள் பெருகுகின்றன என்கின்றன இரு நூல்களும்; சுஸ்ருதத்துக்கு அது நான்காம் மாதம், சரகத்துக்கு மூன்றாம் மாதம்.

இதையெல்லாம் எப்படி அறிந்தார்கள்? சடலத்தை ஓடையில் ஏழு இரவு ஊறவைத்துத் தேய்த்துப் பார்க்கும் முறையைச் சுஸ்ருதம் விவரிக்கிறது. ஆனால் கருவைப் பற்றிய அறிவு பெரும்பாலும் கலைந்த கருக்களிலிருந்தே வந்திருக்க வேண்டும். நான்கு மாதம் வரை கலைவதைக் ‘கசிவு’ என்றும், உடல் இறுகிய ஐந்தாம் ஆறாம் மாதங்களில் கலைவதை ‘விழுதல்’ என்றும் சுஸ்ருதத்தின் நிதான ஸ்தானம் பிரிக்கிறது. கண்டவர்தான் இப்படிப் பிரித்திருக்க முடியும். அந்த வேதனையான வேளைகளில் அருகே இருந்த பெண்களின் பங்கு இதில் பெரிதாக இருந்திருக்கும். அவர்களில் ஒருவர் பெயரும் அந்த விவாதங்களில் இல்லை.

இன்றைய கருவியல், கருத்தரித்த 22 நாள் அளவில் இதயம் துடிக்கத் தொடங்குவதையும், நான்காம் வாரத்திலேயே கை மொட்டுகள் அரும்புவதையும் காட்டுகிறது. மூன்றாம் மாதக் கணக்கு பொருந்தவில்லை. முதலில் இயங்கத் தொடங்கும் உறுப்பு இதயமே என்பதால், அன்று தோற்ற காங்காயனர் உண்மைக்கு மிக அருகில் நின்றிருக்கிறார். எல்லாவற்றையும் முன்னோர் முன்கூட்டியே கண்டார்கள் என்று மேடையில் சொல்வோர் இதையும் சொல்ல வேண்டும்.

இந்த அறிவு ஓரிடத்தில் தங்கவில்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் அதைச் சுருக்கி நாடெங்கும் கொண்டு சென்றது. கர்ப்பாவக்ராந்தி என்ற பௌத்த சூத்திரம் மாதங்களை விட்டுவிட்டு 38 வாரங்களாக எண்ணியது. அது சீனத்திலும் திபெத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் லாசாவில் சங்கியே கியாட்சோ வரையச் செய்த மருத்துவ ஓவியங்களில், கரு மீன், ஆமை, பன்றி என்ற மூன்று நிலைகளைக் கடக்கிறது. தமிழில் மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் இதே மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் உயிர் தப்பிய ஆபத்துகளைப் பாடுகிறது. பத்தாம் மாதத்தில் சிசு தாயோடு சேர்ந்து படும் துயரமும் அதில் வருகிறது.

குறிப்பாக இரண்டு செய்திகளை இன்று அப்படியே ஏற்க முடியாது. எட்டாம் மாதத்தில் ஓஜஸ் எனும் உயிர்ச்சாரம் தாய்க்கும் சேய்க்கும் இடையே அலைவதால், அப்போது பிறக்கும் குழந்தை பிழைக்காது என்கின்றன நூல்கள். கிரேக்க ஹிப்போகிரடிஸ் மரபிலும் இதே நம்பிக்கை இருந்தது. நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. உண்மையில் ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மற்றொன்று, ஆண் குழந்தை வேண்டிச் செய்யும் பும்சவனம் என்ற சடங்கு. பாலினம் கருத்தரிக்கும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. அச்சடங்கில் மூக்கில் விடும் எந்தச் சாறும் அதை மாற்றாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்த நாட்டில், பழம்பெருமையின் பெயரால் இந்த மருந்தை விற்போரிடம் கர்ப்பிணிகளும் அவர்களின் குடும்பத்தாரும் ஏமாறாமல் இருக்க வேண்டும்.